மூன்றாம் முறை கூப்பிடும்வரை

அந்தக் கழுத்தை எனக்குத் தெரியும். முகம் வயதானால் மாறிவிடும், குரலும் உடைந்துவிடும். ஆனால் கொண்டைக்குக் கீழே கொதிகஞ்சி பட்டு வெந்து, ஆறி, எண்ணெய் தடவியதுபோலத் தடித்துப்போன அந்தத் தோல் மாறாது. சிறையில், சாப்பாட்டு வரிசையில் அந்தக் கழுத்துக்குப் பின்னால் தட்டோடு நின்றிருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் அதை என்னென்னவோ செய்திருக்கிறேன். இப்போது அது கோர்ட்டு வராண்டாவில், எதிர் பெஞ்சில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பெண் காவலர், இன்னும் சில கைதிப் பெண்கள். என் மடியில் பை. பைக்குள் ரேஷன் கார்டு, ஆதார், அம்மா என் பேருக்கு எழுதிவைத்த ஓரறை வீட்டின் வரி ரசீது. டவாலி வெளியே வந்து பேர் சொல்லிக் கூப்பிடுவார். நான் எழுந்து உள்ளே போய், இவளுக்கு நான் ஜாமீன், வாய்தா தவறாமல் இவளைக் கொண்டுவந்து நிறுத்துவது என் பொறுப்பு என்று சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் இவள் வெளியே வருவாள். போடாவிட்டால் சாயங்காலம் வேனில் ஏறி மறுபடியும் சிறைக்குப் போவாள். அவ்வளவுதான் விஷயம், சின்னப் பிள்ளைக்குச் சொன்னால்கூடப் புரியும். எனக்குத்தான் புரியவில்லை, ஏன் இன்னும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று. போகலாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்தான். ஏறி உட்கார்ந்து ஜன்னலைத் திறந்துவிட்டால் காற்று வரும், வீட்டுக்குப் போய் உலை வைக்கலாம். ஆனால் போய்விட்டால் இவள் முகத்தைப் பார்க்க முடியாது. கூப்பிட்டும் யாரும் வரவில்லை என்று தெரியும்போது இவள் முகம் எப்படி ஆகும்? அதைப் பார்க்கவேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆமாம், அதற்காகத்தான்.

காலையில் வீட்டைப் பூட்டும்போது இது எதுவும் தெரியாது. வக்கீல் ஜெனிபர் போன வாரம் போன் செய்து, "மாரீஸ்வரியக்கா, குருவம்மாள்னு ஒரு வயசானவங்க. வேலை பார்த்த வீட்ல நகை காணோம்னு கேஸ். ஜாமீன் உத்தரவு ஆகி எவ்வளவோ நாளாச்சு, கையெழுத்துப் போட நாதியில்லாம உள்ளயே கெடக்காங்க" என்றாள். நான் போடுறேன் என்று சொல்லிவிட்டேன். யார், எந்த ஊர், எப்படிப்பட்டவள் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது எங்கள் அமைப்பின் வழக்கம். நாங்கள் எல்லோருமே உள்ளே இருந்துவிட்டு வந்தவர்கள். ஜாமீன் கிடைத்தும் ஆள் இல்லாமல் உள்ளே கிடப்பது எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்கள். அதனால் முகம் பார்க்காமல் கையெழுத்துப் போடுவோம். வேறு யாராவது இப்படிச் செய்வார்களா? செய்யமாட்டார்கள். அதனால் வேறு யாரும் இப்படி வந்து மாட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். குருவம்மாளாம். உள்ளே யாருக்கும் காகிதத்தில் இருக்கும் பேர் கிடையாது. ஊர்ப் பேர், கேஸ் பேர், இல்லையென்றால் யாராவது ஒருத்தி வைத்த பேர். நான் 'குழவி'. புருஷனை அம்மிக் குழவியால் அடித்தவள். அவன் சாகவில்லை, இன்னொருத்தியோடு நன்றாகத்தான் இருக்கிறான். இவள் 'பட்டாளத்தம்மா'. கையை வீசி வீசி நடப்பாள். தண்டனையில் பாதியைக் கழித்திருந்தாள்; நல்ல நடத்தை என்று சொல்லி மற்றக் கைதிகளைக் கண்காணிக்க அவளையே போட்டிருந்தார்கள். அவளுக்கு நல்ல நடத்தை! ஜெனிபர் குருவம்மாள் என்று சொன்னபோது என் மனதில் வந்தது சுருங்கிப்போன, இருமிக்கொண்டே இருக்கும் ஒரு கிழவி. குருவம்மாள் இவள்தான் என்று காவலர் கைகாட்டிய இந்தக் கழுத்து வரவில்லை.

பேசாமல் இருந்தால் போதும். டவாலி மூன்று தடவை கூப்பிடுவார். முதல் தடவை வராண்டாவில் யாரும் கவனிக்கமாட்டார்கள். இரண்டாவது தடவை தலைகள் திரும்பும். மூன்றாவது தடவை அவர் குரலில் எரிச்சல் வரும், பிறகு அடுத்த பேருக்குப் போய்விடுவார். நான் பொய் சொல்லவேண்டியதில்லை, யாரையும் தொடவேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கவேண்டும். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவளே இவள்தான். "பேசுன, நாளைக்கு உன் மனுவைக் கட் பண்ணிருவேன்" என்பாள். மனு என்றால் வீட்டிலிருந்து ஆள் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பது. எனக்கு அம்மா மட்டும்தான் வருவாள். மூச்சு வாங்க நின்று, என் மகள் அபிநயாவுக்கு வாங்கிவந்த பிஸ்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கத்தலுக்கு நடுவில் என்ன பேசுவது என்று தெரியாமல் சிரிப்பாள். அதை இழக்கக் கூடாதே என்று பேசாமல் இருந்தேன். குளிக்கும் தண்ணீரை இவள் எடுத்துக்கொண்டபோதும் பேசவில்லை. காலை அமுக்கச் சொன்னபோதும் பேசவில்லை. அமுக்கினேன். தடித்த கால். என் விரலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, அந்தக் கெண்டைக்கால் சதை. அபிநயா பக்கத்தில் உட்கார்ந்து, "நானும் அமுக்கவா?" என்பாள். அமுக்கினாளா? ஒரு தடவை அமுக்கினாள். சின்னக் கை. அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கைக்குழந்தையாக இல்லை அவள், நடக்கத் தெரிந்த பிள்ளையாகத்தான் என்னோடு உள்ளே வந்தாள். பள்ளிக்கூட வயது வரும்வரை அம்மாவோடு வைத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். மஞ்சள் கவுன் ஒன்று, முன்னால் பெரிய பை வைத்தது, யாரோ கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. அந்தப் பையில் கூழாங்கல், புளியங்கொட்டை, பாதி தின்ற வாழைப்பழம் என்று எதையாவது போட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் சோதனை. அந்தப் பையிலிருந்து புகையிலைப் பொட்டலங்கள் வந்தன. பிள்ளையை வைத்துக் கடத்துகிறாள் என்று என்மேல் எழுதினார்கள். பிள்ளை தாயோடு இருப்பது பிள்ளைக்கு நல்லதில்லை என்றும் எழுதினார்கள். வார்டர் கையில் அந்தப் பொட்டலங்களைப் பார்த்தபோது இவள் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது, வைத்தவள் இவள்தான் என்று. அபிநயாவை ஒரு காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். அவள் அழவில்லை, ஜீப்பில் போகிறோம் என்று சந்தோஷமாகப் போனாள், அதுதான் தாங்கவில்லை. அழுதிருந்தால் அந்த அழுகையை வைத்துக்கொண்டு நான் எதையாவது செய்திருப்பேன். விடுதலையாகி அவளைப் பார்க்கப் போனபோது காப்பகத்து ஹாலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நெடுநெடுவென்று ஒரு பெண் வந்து தண்ணீர்த் தம்ளரை நீட்டி, "குடிங்க" என்றாள். அதுதான் அபிநயா. இப்போது என்னோடுதான் இருக்கிறாள், பிளஸ் டூ படிக்கிறாள், பாத்திரம் கழுவிக் கொடுக்கிறாள், ஒரு சொல் எதிர்த்துப் பேசுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தன் அம்மாவைப் போடி லூசு என்று திட்டுகிறாள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. என் பெண் என்னிடம், "உங்களுக்குச் சோறு போடவா?" என்று கேட்கிறாள். காப்பகத்து வார்டனிடம் கேட்பதுபோல. இதற்கு எந்தக் கோர்ட்டில் போய் வழக்குப் போடுவது?

நான் கல்லூரிகளுக்குப் போய்ப் பேசுகிறேன். மாணவிகளை வட்டமாக உட்காரவைத்து, தப்பு செய்தவரும் அந்தத் தப்பால் அடிபட்டவரும் இப்படி ஒரே வட்டத்தில் உட்கார்ந்து பேசவேண்டும், உடைந்ததைச் சேர்ந்து சரிசெய்யவேண்டும், வெறும் தண்டனையால் எதுவும் ஒட்டாது என்று சொல்கிறேன். அதை நம்பித்தான் சொல்கிறேன். என் புருஷன் வட்டத்துக்கு வந்தான், நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், அவனும் என்னை அடித்ததற்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னான். போன மாதம் ஒரு மாணவி எழுந்து, "உங்களுக்கு அநியாயம் செஞ்சவங்க எல்லாரையும் மன்னிச்சுட்டீங்களா மேடம்?" என்று கேட்டாள். மன்னிச்சுட்டேன் என்றேன். கைதட்டினார்கள். பொய் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்தபோது இந்தக் கழுத்தை எண்ணாமல் விட்டுவிட்டேன். ஒரு வேளை வேண்டுமென்றே விட்டேனோ என்னமோ. வீட்டில் ஒரு டப்பா இருக்கும், எல்லாவற்றையும் துடைப்போம், அதை மட்டும் நகர்த்தாமல் சுற்றித் துடைப்போம். அந்த மாதிரி.

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். யாரோ பெரிய அதிகாரி வருகிறார் போல. எதிர் பெஞ்சுக் காவலர் விறைத்து எழுந்து, அழைத்துவந்த கைதிப் பெண்களைப் பார்த்து, "எல்லாம் கீழ உக்காரு! ஜோடி ஜோடியா உக்காரு!" என்று அதட்டினார். அதட்டல் காதில் விழுந்ததுதான் தெரியும். நான் எதிர்ப்பக்கம் போய்த் தரையில் இருந்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, எண்ணுவதற்குத் தோதாகப் பக்கத்து ஆளோடு தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. சொந்த வீடு, சொந்தச் சாவி, மேடையில் சால்வை. எல்லாம் சரி. உடம்பு மட்டும் இன்னும் அங்கே இருக்கிறது. பை கவிழ்ந்து ரேஷன் கார்டு தரையில் கிடந்தது. அதை எடுக்கத் திரும்பினால் என் தோளை ஒட்டி இருந்தவள் அவள். என் ஜோடி.

காவலர் முதலில் பார்த்து முழித்தார், பிறகு சிரித்துவிட்டார். "ஏம்மா, நீங்க ஜாமீன் குடுக்க வந்தவங்கதானே? நீங்க ஏன் கீழ உக்காந்தீங்க? எந்திரிங்க, எந்திரிங்க, பார்க்குறவங்க என்னையத்தான் வைவாங்க."

"அவ எந்திரிக்க மாட்டா. பழக்கம் போகலை" என்றாள் பட்டாளத்தம்மா. குரலும் சிறுத்துப் போயிருந்தது. கண் இரண்டிலும் பால்போலப் படலம். என்னை உற்றுப் பார்த்தாள், நெற்றியைப் பார்க்கிறாளா வாயைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. "எந்த ஜெயிலு தாயி நீ?"

"நீ இருந்த ஜெயில்தான்."

"அட! அப்ப நம்ம பிள்ளையா நீ! எனக்குக் கையெழுத்துப் போட வந்த மகராசி நீதானா? உன் குலம் தழைக்கணும்."

குலம். என் வாய் அதுவாகத் திறந்துகொண்டது. பேசாமல் இருக்கப்போகிறவள்தான் நான். "எனக்கு ஒரே பிள்ளை. அபிநயா. மஞ்சக் கவுன். அவ பையில நீ புகையிலையை வச்ச. அவளைக் கொண்டுபோய்ட்டாங்க."

நான் எதிர்பார்த்தது ஒரு நடுக்கம். அல்லது இல்லவே இல்லை என்று ஒரு சத்தியம். இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது, எத்தனையோ காலமாகத் தயார் செய்து வைத்த பதில். அவள் யோசித்தாள். கடையில் என்ன வாங்க வந்தோம் என்று மறந்துபோனவளைப்போல யோசித்தாள்.

"பிள்ளைக பையிலதான் வைக்கிறது. பிள்ளைகளைச் சோதிக்க மாட்டாகள்ல" என்றாள். "திடீர்னு சோதிச்சாகன்னா யாரு மேலயாச்சும் விழும். உன் மேல விழுந்துருச்சாக்கும். எந்தப் பிள்ளை அது? மூக்கு ஒழுகிக்கிட்டே திரியுமே, அதா?"

"இல்லை."

"சுருட்டை முடி?"

"இல்லை."

"திக்கித் திக்கிப் பேசுமே ஒண்ணு, ஆத்தா ஆத்தான்னு எம் பின்னாடியே வருமே?"

"இல்லை. இல்லை."

"கோவிச்சுக்காத தாயி. நிறையப் பிள்ளைக. ஞாபகம் நிக்க மாட்டேங்குது."

காவலர் இப்போது சிரிக்கவில்லை. அதிகாரி போய்விட்டார், எல்லோரும் எழுந்து பெஞ்சுக்குப் போனார்கள், நானும் எழுந்து முந்தானையைத் தட்டிக்கொண்டேன். அப்படியென்றால் அபிநயா மட்டுமில்லை. எத்தனை ஹாலில் எத்தனை நாற்காலி, எத்தனை தண்ணீர்த் தம்ளர். இவளுக்கு ஒரு பிள்ளைகூட ஞாபகமில்லை. நான் இவளை நினைக்காத நாள் இல்லை. இவள் என்னை ஒரு நாள்கூட நினைத்ததில்லை. எவ்வளவு கோபத்தைச் செலவழித்திருக்கிறேன், ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. இருக்கட்டும். ஞாபகம் இல்லாவிட்டால் இல்லை. வேனில் ஏறும்போது வலிக்கும் இல்லையா? ஞாபகம் இல்லாத முதுகிலும் அடி விழுந்தால் வலிக்கும். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, என்னிடமோ காவலரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "நீ போடாட்டியும் சரித்தான். உள்ள எனக்கு இடம் இருக்கு. ஜன்னலோரம், காத்து வரும். புதுசா வந்த பிள்ளைக காலமுக்கி விடுதுக. வெளியதான் ஒண்ணும் புரிய மாட்டேங்குது. போன தடவ விட்டாகள்ல, பஸ் ஸ்டாண்டுலயே படுத்துக் கெடந்தேன். யாரு வீட்டுக் கதவைத் தட்டினாலும் சங்கிலியை எடுக்காமயே பேசுறாக."

காலமுக்கி விடுகிறார்களாம். அப்படியென்றால் அங்கே அவள் இன்னும் பட்டாளத்தம்மாதான். புதிதாக வந்த பெண்கள், பயந்தவர்கள், பக்கத்தில் ஒரு குழந்தை நின்று, நானும் அமுக்கவா என்கிறது. நான் பேசாமல் இருந்தால் இவளை எங்கே அனுப்புகிறேன்? இவள் ராஜ்ஜியத்துக்கு. இது என் தலையில் இத்தனை நேரம் ஏறவே இல்லை. சிறையைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நானா, மேடை மேடையாகப் போய் அதனால் எதுவும் ஒட்டாது என்று பேசுகிற நானா! தண்டனை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அது வெளியே இருக்கிறது. வாடகைக்கு வீடு கேட்கப் போகும்போது, முன்னாடி எங்க இருந்தீங்க என்று கேட்பார்களே, அங்கே இருக்கிறது. ரோட்டைத் தாண்டத் தெரியாமல் நிற்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளை கையைப் பிடித்துக் கூட்டிப்போகுமே, அங்கே. கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலைக்காரி எழுந்து வேறு வரிசைக்குப் போவாளே, அங்கே. யாரும் காலை அமுக்கமாட்டார்கள். யாரும் பயப்படமாட்டார்கள். பயப்படாத கூட்டத்துக்கு நடுவில் குருவம்மாள் என்று ஒரு கிழவி, காகிதத்தில் இருக்கும் பேரோடு. வாம்மா. வெளியே வா. வாய்தாவுக்கு வாய்தா உன்னைக் கூட்டிக்கொண்டு வருவது நான்தான். எங்கள் அமைப்பின் அறையில் படுக்கலாம். காலையில் கஞ்சி நான் ஊற்றுவேன். ஊற்றும்போது சொல்வேன், மஞ்சக் கவுன். சாயங்காலம் சொல்வேன், மஞ்சக் கவுன். ஒரு நாள் வட்டம் போடுவேன். அபிநயாவை எதிரே உட்காரவைப்பேன்.

ஜெனிபர் வேறொரு கோர்ட்டிலிருந்து கறுப்பு அங்கி பறக்க ஓடிவந்து, "அக்கா, என்ன உறவுன்னு ஐயா கேப்பாரு. தூரத்துச் சொந்தம்னு சொல்லிருங்க. அதுக்கு மேல கேக்க மாட்டாரு. மொகம் ஏன் இப்படி இருக்கு? சாப்பிட்டீங்களா?" என்றாள். பதில் சொல்வதற்குள் யாரோ கூப்பிட, ஓடிவிட்டாள். டவாலி வாசலுக்கு வந்தார். "குருவம்மாள் கேஸ்! ஜாமீன்தாரர் மாரீஸ்வரி!" என் பேர் கூரையில் பட்டுத் திரும்பியது. நான் எழவில்லை. எழ முடியவில்லை. இத்தனையும் யோசித்துவிட்டு ஏன் எழவில்லை? கஞ்சி ஊற்றுவேனாம். ஊற்ற ஊற்ற ஒரு நாள் கை பழகிவிட்டால்? அவள் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால், நான் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டால்? தொடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதுதான் பயம். இந்தக் கோபம் ஒன்றுதான் அபிநயாவின் சின்ன வயசிலிருந்து என்னிடம் மிச்சமிருக்கிறது. இதுவும் போய்விட்டால் அந்த மஞ்சக் கவுன் வெறும் துணியாகிவிடும். "ஜாமீன்தாரர் மாரீஸ்வரி!" தலைகள் திரும்பின. பட்டாளத்தம்மாவும் திரும்பினாள், படலம் விழுந்த கண்ணால் என்னைத் தேடினாள். நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். கூப்பிட்டும் யாரும் வராதவளின் முகம். பார்த்தேன். அதில் பயம் இல்லை, ஏமாற்றமும் இல்லை. காற்று வரும் ஜன்னலோரத்துக்குத் திரும்பப் போகிறவளின் நிம்மதிதான் இருந்தது. விடமாட்டேன். "மாரீஸ்வரி! இருக்கீங்களா, இல்லையா?"

"இருக்கேங்கய்யா!" என்றேன். கத்திவிட்டேன் போல. டவாலி, "காது கேக்குதும்மா, உள்ள போங்க" என்றார்.

உள்ளே மின்விசிறிச் சத்தம். கூண்டில் அவள், சாட்சிக் கூண்டின் பக்கம் நான். மாஜிஸ்திரேட் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் ஆதாரையும் வரி ரசீதையும் புரட்டினார். "யாராவது வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தாங்களா?"

"இல்லைங்கய்யா."

"இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

பின்னால் வந்து நின்றிருந்த ஜெனிபர் தொண்டையைச் செருமினாள். "உறவு இல்லைங்கய்யா" என்றேன். "எம் பிள்ளையை என்கிட்டருந்து பிரிச்சவங்க."

பேனா நின்றது. அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்படின்னா எதுக்கும்மா ஜாமீன் குடுக்குறீங்க?"

"இவங்க வெளிய வரணுங்கய்யா."

"வாய்தாவுக்கு வராம ஓடிப்போய்ட்டா உங்க வீட்டு மேல வரும். தெரியுமா?"

"ஓட விடமாட்டேங்கய்யா."

அவர் வரி ரசீதை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். சட்டத்தில் இதற்குத் தடை ஏதும் இருக்கிறதா என்று யோசிக்கிறாரோ என்னமோ. பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளினார்கள். நான் என் பேரை எழுத்து எழுத்தாக, கிறுக்காமல் எழுதினேன். நிமிர்ந்தபோது கூண்டிலிருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் சுருங்கியிருந்தது. உதடு அசைந்தது. எதையோ ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இது இல்லை, இது இல்லை என்று கீழே வைப்பதுபோல இருந்தது. எந்தப் பிள்ளை என்று இப்போதுதான் முதல்தடவையாகத் தேடுகிறாள். தேடட்டும்.